பறிக்காமல் விட்ட இலைகள்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்குக் கிழக்கே இருந்தது எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்டல் அடர்ந்த களப்பு, நடுவில் வயல். ஐப்பசியில் வாடைக்காற்றோடு இறங்கும் மாரி மழை தை வரைக்கும் நின்று பெய்யும். பிறகு புரட்டாதி மட்டும் வெயில்தான். ஆனி ஆடியில் கச்சான் காற்று வேறு அடித்து நிலத்தில் மிஞ்சிய ஈரத்தையும் கொண்டுபோய்விடும். எங்கள் வீட்டுச் சட்டியில் எது வேகும் என்பதை இந்தக் காற்று இரண்டும்தான் தீர்மானித்தன. கார்த்திகையில் தகரைக் குருத்து. மார்கழியில் வாய்க்கால் ஓரத்து வல்லாரையும் பொன்னாங்காணியும். தையில் வேலியில் ஏறும் முசுட்டையும் மொசுமொசுக்கையும். மழை விட்டுத் தரவை காயத் தொடங்கினால் உமரி. ஆனி பிறந்தால் காட்டில் பாலைப்பழம்.

இவை எல்லாவற்றையும் நான் அம்மம்மாவின் பின்னால் நடந்து படித்தேன். இலையைப் புகழ்ந்து பேசும் வழக்கம் அவவிடம் இல்லை. "இது இரத்தத்துக்கு நல்லது, அது கண்ணுக்கு நல்லது" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இது சுண்டலுக்கு, இது சொதிக்கு, இதத் தொடாத" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவ சொல்லித்தந்தவற்றைக் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் தொடக்கூடாதவற்றின் கணக்குத்தான். அந்தக் கணக்குத்தான் அறிவு என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கிற்று.

மூன்று விடயத்தில் அவ இறுக்கமாக இருந்தா. முதலாவது: "பூவும் காயும் காணாத செடியில கை வைக்காத, புள்ள." குருத்திலே எல்லாம் ஒரே பச்சை, பூத்துக் காய்த்தால்தான் செடி தன்னைக் காட்டும். ஆகவே இந்த வருடம் பார்த்துவைத்த செடியை அடுத்த வருடம்தான் பறிக்கலாம். இரண்டாவது: ஒரு நேரத்தில் ஓரினத்தை மட்டும் பறிக்க வேண்டும். தகரை பறிக்கும்போது பக்கத்தில் பொன்னாங்காணி கண்ணில் பட்டாலும் அதற்கு வேறு துணி, வேறு முடிச்சு. கடகத்தில் ஒரே இலை கிடந்தால்தான் தப்பி வந்த வேற்று இலை உடனே கண்ணில் குத்தும். மூன்றாவது: ஆடு தின்கிறது என்று எதையும் நம்பக்கூடாது. ஆட்டின் வயிறு வேறு, நம் வயிறு வேறு.

தகரையில்தான் என் பாடம் தொடங்கியது. முதல் மழைக்கு வீதியோரமெல்லாம் தகரை முளைக்கும். ஒரு காம்பில் மூன்று சோடிச் சிற்றிலைகள், நுனி உருண்டு இருக்கும், பொழுதுபட்டால் மடங்கிக்கொள்ளும். இளங்குருத்தை மட்டும் கிள்ளி, சிறிதாக அரிந்து, சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டினால் புதுச்சோற்றுக்கு அதைவிட வேறு கறி வேண்டாம். முற்றிய இலை வயிற்றைக் கழியவைக்கும். அதே வீதியோரத்தில், அதே மஞ்சள் பூவோடு, பொன்னாவரையும் நிற்கும். அதற்கு நாலு முதல் ஆறு சோடி இலை, நுனி கூர். தகரைக் காய் மெலிந்து நீண்டு வில்லாக வளையும். பொன்னாவரைக் காய் தட்டை, ஓரம் வெளிறியிருக்கும், வானத்தைப் பார்த்து நிற்கும். இரண்டையும் கசக்கினால் நாற்றம்தான், ஆகவே மூக்கை நம்ப முடியாது. இலையை எண்ண வேண்டும். அம்மம்மா எங்களை எண்ணவைப்பா. மூன்றுக்கு மேல் போனால் கையை எடுத்துவிட வேண்டும்.

இது கிழவியின் அளவுமீறிய எச்சரிக்கை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பின்னர் உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் பகுதிச் செய்தியை வாசித்தேன். அங்கே ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில் சிறுபிள்ளைகள் வாந்தியும் வலிப்பும் மயக்கமும் கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். வைரஸ் மூளைக்காய்ச்சல் என்றே நீண்ட காலம் கருதப்பட்டது. 2000களின் நடுப்பகுதியில் மருத்துவர்கள் வீடு வீடாக விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது: விளையாடும் இடத்தில் காய்த்துக் கிடந்த பொன்னாவரை விதையைப் பிள்ளைகள் தின்றிருக்கிறார்கள். ஈரல், தசை, மூளை மூன்றையும் அது ஒருசேரத் தாக்கியிருக்கிறது. எங்கள் வீதியோரத்தில் நின்ற அதே செடி.

களப்புப் பக்கம் போனால் வேறு சட்டம். உப்புத்தரவையில் தடித்த சிறு இலைகளோடு படரும் உமரியைப் பறித்து, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். உப்பு அதிலேயே போய்விடும். பிழிந்தெடுத்துத் தேங்காய்ப்பூவோடு சுண்டும்போது மறுபடி உப்புப் போடத் தேவையில்லை. உமரி பறிக்கும் இடத்துக்குப் பின்னால் கண்டல்களுக்கிடையே தில்லை மரம் நிற்கும். உதிரும் முன் அதன் இலை சிவந்து அழகாய்த் தெரியும். சிதம்பரம் கோயிலின் தலவிருட்சமும் இதுதான். ஆனால் கொப்பை முறித்தால் வடியும் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. விறகு வெட்டுகிறவர்கள் தில்லையை ஒதுக்கிவிட்டே வெட்டுவார்கள். மழைநேரத்தில் அதன் கீழே ஒதுங்கி நிற்கவும் எங்களுக்கு அனுமதி இல்லை.

கடற்கரையில் அடம்பன் கொடி. திரண்டால் மிடுக்கு என்று பழமொழியில் வரும் அதே கொடி, ஆட்டுக் குளம்பின் வடிவில் இலை. கரைவலை இழுக்கிறவர்களின் காலில் சொறிமுட்டை பட்டுத் தடித்தால், இந்த இலையை அரைத்துப் பூசுவார்கள். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து ஆய்வாளர்கள் இந்தக் கொடியின் சாற்றைச் சோதித்து, சொறிமுட்டை நஞ்சின் வேகத்தை அது ஆய்வுகூடத்தில் குறைப்பதாக எழுதினார்கள். நல்ல செய்திதான். ஆனால் அப்படிக் கடிபட்டவருக்கு மூச்சு முட்டினால் இலையைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக லோஞ்சைத் தேட வேண்டும் என்பதும் எங்கள் வலைகாரர்களுக்குத் தெரிந்தேயிருந்தது.

கிழங்கு விடயத்தில் அம்மம்மாவே தன்னை ஆசிரியராக நினைத்ததில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். மூதூரிலிருந்து வெருகல், வாகரை வரைக்கும் காட்டோரங்களில் தமிழ் பேசும் கரையோர வேடர் குடிகள் உண்டு. சார்ள்ஸ், பிரெண்டா செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி 1911இல் வெளியிட்ட நூலிலேயே இவர்களுக்கும் இடம் இருக்கிறது. அந்தக் குடியைச் சேர்ந்த ஆச்சி ஒருவர் தேனும் அல்லைக் கிழங்கும் கொண்டுவருவார். மாற்றாக நெல் வாங்கிப்போவார். அம்மம்மா அவரைத் திண்ணையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, ஒவ்வொரு கிழங்கைப் பற்றியும் விசாரிப்பா. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"கொடி பச்சையா இருக்கேக்க பாத்து வைக்கோணும், மகள். காஞ்ச பிறகு மண்ணுக்குள்ள எல்லாம் கிழங்குதான்" என்றார் அந்த ஆச்சி ஒருமுறை.

அந்த வார்த்தையின் கனம் கார்த்திகைக் கிழங்கைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். மாரியில் வேலியெங்கும் சுடர்விட்டுப் பூக்கும் கார்த்திகைக் கொடி கோடையில் பட்டுப்போய், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். வள்ளியினக் கொடிகளும் அப்படித்தான். பச்சையாக நிற்கும்போது இரண்டையும் குழப்பவே முடியாது. கார்த்திகையின் இலைநுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும், நரம்புகள் நெடுக்காக ஓடும். வள்ளிக்குத் தண்டுதான் சுற்றி ஏறும், இலைநரம்பு வலையாகப் பின்னியிருக்கும். கொடி காய்ந்துவிட்டால் மிஞ்சுவது கிழங்கின் வடிவம் மட்டும். கார்த்திகைக் கிழங்கு கலப்பையாக முறுகி இரு கவராய் இருக்கும். துண்டாக உடைந்து கிடந்தால் அதுவும் தெரியாது. அதிலுள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு முதலில் வாந்தி பேதியாக வெளிப்படும். பிறகு உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதுபடும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமயிர் கொத்தாக உதிரும். கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்களின் கதைகள் இலங்கை மருத்துவ ஏடுகளில் உள்ளன. இதே கொல்சிசினைத்தான் மூட்டில் யூரிக் அமிலம் படியும் கவுட் நோய்க்கு மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள். அந்த மில்லிகிராமைக் காட்டில் அளந்து தருவார் யாருமில்லை.

எங்கள் கரையைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்களில் ரொபேர்ட் நொக்ஸ் முக்கியமானவர். 1660இல் அவர் வந்த கப்பல் கொட்டியாரக் குடாவில் நின்றபோது கண்டி அரசனின் ஆட்கள் அவரையும் தகப்பனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ இருபது வருடம் மலைநாட்டில் சிறையிருந்து தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். இந்த நாட்டவருக்குக் காடே மருந்துக்கடை என்ற கருத்து அதில் வருகிறது. அவர் கண்டது உண்மை. ஆனால் கடையென்றால் எதை எடுத்துத் தருவது, எதை அலமாரியில் பூட்டிவைப்பது என்று தெரிந்த ஒருவர் உள்ளே நிற்க வேண்டும். எங்கள் ஊரில் அது பரியாரியார்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு பல வருடங்கள் எங்கள் பக்கம் மருந்துக்குத் தட்டுப்பாடு. பனடோல் குளிசையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைகளுக்குப் பங்கிட்ட காலம். துறைமுக நகரமான திருகோணமலை குடாவுக்கு அக்கரையில் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் சோதனைச்சாவடி கடந்து மூதூர் இறங்குதுறைக்கு வந்து லோஞ்ச் பிடிக்க வேண்டும். தரைவழியில் போனால் துறைக்குத் துறை 'பாதை' என்னும் மிதவையில் ஏறி இறங்க வேண்டும். அந்த நாட்களில் காய்ச்சல், தடிமன் எல்லாம் வேலியோடுதான் தீர்ந்தன. நொச்சி, பாவட்டை, வேப்பிலை, ஆமணக்கிலை போட்டுக் கொதிக்கவைத்து, பாயால் மூடி வேது பிடிப்போம். மொசுமொசுக்கையை அரிசிமாவோடு குழைத்து ரொட்டி. இருமலுக்கு ஆடாதோடை இலைச்சாறும் தேனும். இன்று எந்தப் பாமசியிலும் கிடைக்கும் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து, ஆடாதோடையிலுள்ள வாசிசினை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டதுதான். எங்கள் வேலிக்கு அந்தப் பெருமை உண்டு.

பரியாரியார் பரம்பரை வைத்தியர். யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ நூல்களான பரராசசேகரத்திலும் செகராசசேகரத்திலும் பாடல் பாடலாக மனப்பாடம். அவரிடம் எனக்குப் பிடித்தது, 'முடியாது' என்று சொல்வதில் அவருக்கிருந்த தெளிவு. பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு மஞ்சட்காமாலை வந்தபோது கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார், எண்ணெயும் உறைப்பும் நிறுத்தினார். சில நாளில் பெடியன் பகலிலும் தூங்கத் தொடங்கி, கூப்பிட்டால் சரியாக மறுமொழி சொல்லாமல் போனான். "இனி இது என்ர வேலை இல்ல. இப்பவே கொண்டுபோங்கோ" என்று பரியாரியாரே வண்டில் பிடித்து அனுப்பினார். பெடியன் பிழைத்தான்.

கீழ்க்காய்நெல்லியின் கதை தனியே சொல்லத் தக்கது. 1988இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும், ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழ்க்காய்நெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்துவிட்டதாக அதில் இருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. காமாலையில் பொதுவாகக் காணும் ஒரு வகை, ஓய்வும் உணவும் இருந்தால் தானாகவே மாறிவிடும். அந்தப் புகழ் இலைக்குப் போய்ச் சேரும். மாறாத வகைதான் ஆளைக் கொல்லும். எங்கள் பரியாரியாருக்கு லான்செட் தெரியாது, ஆனால் எந்தக் கட்டத்தில் கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

பயமுறுத்தும் செடிகளைப் பற்றியே எழுதினால் அந்தக் காலத்தின் இனிப்பு விட்டுப்போகும். ஆனி மாதம் பாலை பழுக்கும். மஞ்சளாய்ச் சின்னப் பழம், தேனாய் இனிக்கும், நாலு தின்றால் உதடு பாலில் ஒட்டிக்கொள்ளும். கரடிக்கும் அதுதான் விருப்பம். ஆகவே பாலைக்குப் போவதென்றால் கூட்டமாக, தகரத்தில் தட்டிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகுதான். வீரப்பழம், உலுவிந்தம், சூரை, ஈச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. பழத்தில் பிள்ளைகளுக்கு விட்ட சுதந்திரம் இலையிலும் கிழங்கிலும் கிடையாது. ஆனாலும் குன்றிமணியை மட்டும் வாயருகே கொண்டுபோகவிட மாட்டார்கள்.

2006 யூலையில் மாவிலாறு அணைக்கட்டுப் பிரச்சினையோடு தொடங்கிய சண்டை ஓகஸ்டில் மூதூருக்கு வந்தது, செப்டெம்பரில் சம்பூர் வீழ்ந்தது. மூதூர் கிழக்கு முழுவதும் வாகரைப் பக்கம் நடந்தது. என் உறவினர்கள் பலர் மட்டக்களப்பு முகாம்களிலும் பின்னர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமிலும் வருடக்கணக்கில் இருந்தார்கள். நிவாரண அரிசியும் பருப்பும் வரும், மரக்கறி வராது. முகாம் வேலியோரத்தில் முளைத்த சாறணையையும் பொன்னாங்காணியையும் எங்கள் பெண்கள் பறித்தார்கள். தெரியாத மண்ணில் முளைத்த தெரிந்த இலையைக்கூட முதலில் பூக்கவிட்டுப் பார்த்தார்கள். அம்மம்மா அப்போது உயிரோடு இல்லை, ஆனால் அவவின் சட்டம் இருந்தது.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. பாதையில் ஏறிக் கடந்த மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. 2015 ஓகஸ்டில் சம்பூர்க் காணிகளின் ஒரு பகுதி மக்களிடம் திரும்ப வந்தது. திரும்பிப் போனவர்கள் கூரையில்லாத வளவுகளில் முசுட்டை தானாகப் படர்ந்திருக்கக் கண்டார்கள். வயல்தான் மாறிவிட்டது. வரப்பில் இன்று வல்லாரை நின்றாலும் பறிக்கத் துணிவில்லை, எப்போது களைகொல்லி அடித்தார்கள் என்று தெரியாது. செடியைத் தெரிந்தால் மட்டும் போதாது, அது நிற்கும் மண்ணின் கதையும் தெரிய வேண்டும் என்ற நாலாவது சட்டத்தை எங்கள் தலைமுறை சேர்க்க வேண்டியதாயிற்று.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். மரக்கறி வாங்க முடியாதவர்கள் மறுபடி வேலியையும் வாய்க்காலையும் பார்த்தார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கூடவே கைப்பேசியில் இலைப் பட்டியல்களும் வந்தன: சர்க்கரைக்கு இது, கல்லுக்கு அது, புற்றுநோய்க்கு இன்னொன்று. படம் ஒன்று, பெயர் இன்னொன்று, அளவு எதுவுமில்லை. அப்படி வந்த பட்டியல் ஒன்றில் ஆடுதின்னாப்பாளையும் இருந்தது. பழைய ஏடுகளில் இடம்பெற்ற மூலிகைதான். ஆனால் அந்த இனத்திலுள்ள அரிஸ்டொலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிவிடும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் வைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரசெல்ஸில் உடல் மெலிவதற்குச் சீன மூலிகை எடுத்தவர்களில் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதாயிற்று. பொதியில் இருக்க வேண்டிய வேருக்குப் பதிலாக இந்த இனத்து வேர் மாறி வந்திருந்தது. படித்தவர்கள் நடத்திய மருத்துவ நிலையத்திலேயே செடி மாறிப்போனால், கைப்பேசிப் படத்தை நம்பி வளவில் இறங்குகிற நாம் எம்மாத்திரம்?

நாட்டு மருந்தை மறுக்க இதையெல்லாம் எழுதவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், கோணேசபுரியில், இன்று சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். மருந்து கொடுப்பது அவர்களின் வேலை. நம் வேலை அதற்கு முந்தியது: நம் வளவில், நம் வீதியோரத்தில் நிற்கும் செடியை இன்னதென்று பிழையில்லாமல் சொல்லத் தெரிந்திருப்பது.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு வருடத்துக்குப் பத்துச் செடி போதும். முளைத்ததிலிருந்து காய்ந்து விழும் வரை அவற்றைப் பாருங்கள். இலையை எண்ணுங்கள், காயை உடைத்துப் பாருங்கள், அதனோடு குழம்பக்கூடிய செடி எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திருகோணமலைச் சந்தைக்குக் கீரை கட்டிக்கொண்டு வரும் பெண்களிடம் கேளுங்கள். பேரம் பேசாமல் ஒரு பிடி வாங்கிவிட்டுக் கேட்டால் விருப்பத்தோடு சொல்வார்கள். சமைக்கத் தெரிந்த இலையைச் சமையுங்கள், நோய்க்கு வைத்தியரிடம் போங்கள். பெயரைச் சொல்லத் தயங்கும் செடியை, அது எவ்வளவு பசுமையாக இருந்தாலும், நின்ற இடத்திலேயே விட்டுவிடுங்கள்.